மருந்து வைத்த கை

செங்கோடனுக்கு அறுபத்தொன்று நடக்கிறது. கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு நெசவு மில்லின் கேட்டில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். மனுஷர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, பீடி கிடையாது, அடுத்தவர் பொருளில் கை வைத்தார் என்று ஒரு பேச்சு கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. யாரையும் நம்ப மாட்டார்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பதோடு விடுவாரா? கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்ப்பார். வானம் வெளுத்திருக்கும் நாளில் யாராவது குடை கொண்டுவந்தால் விரித்துக் காட்டச் சொல்வார். கல்யாணத்துக்குப் போகிற பெண் தலையில் பூ கொஞ்சம் தடிமனாக வைத்திருந்தால் அதையும் ஒரு தரம் உற்றுப் பார்ப்பார். வீட்டில் காஸ் சிலிண்டர் இறங்கினால் தூக்கிப் பார்த்து, போன தடவையை விட இது லேசு என்று முனகுவார். பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டான், சிரிக்காவிட்டால் நிறையவே கலந்துவிட்டான். இவருக்குச் சோறு போடுவதற்கு முன்னால் தானே ஒரு வாய் தின்று காட்ட வேண்டும் போலிருக்கிறது என்று அவர் மனைவி நாச்சியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதி எரிச்சல்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. நிலம் நீச்சு இருந்த குடும்பம்தான். பைபாஸுக்குப் போனது போக, கிணறு வற்றியது போக, மிச்சத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பிறகு, காக்கிச்சட்டை போட வேண்டி வந்தது. வந்த புதிதில் எல்லாரையும் சிரித்த முகத்தோடுதான் அனுப்பினார். தினமும் கூட உட்கார்ந்து டீ குடித்த ஒரு ஃபிட்டர், இடுப்பில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் அவர் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போயிருக்கிறான். விஷயம் வெளியானபோது அன்றைய முதலாளி, இருநூறு பேர் பார்க்க, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி செங்கோடனுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் சொல்லிப் பிடிபட்டவர்கள் ஏழெட்டுப் பேர். ஒன்றும் தப்பியதில்லை. முதலாளியின் மகன் அருள்குமார் பொறுப்புக்கு வந்தபோதும், கேமரா நாலு மாட்டிய பிறகும், செங்கோடண்ணன் சொன்னால் சரி என்பதுதான் மில்லில் வழக்கம்.

அப்படிப்பட்ட மனுஷர் நம்பிய ஒரே ஜீவன் ஒரு நாய். நூல் லாரி ஏதோ ஒன்றிலிருந்து இறங்கி, கேட்டோரம் சுருண்டு கிடந்த குட்டி. நூல்கண்டு அளவுக்குத்தான் இருந்தது என்று ‘கண்டு’ என்று பேர் வைத்தார். ஒன்றரை வயசாகியும் கண்டு வளரவில்லை. அதனோடு இறங்கிய, கூடப் பிறந்த குட்டி ஒன்று பக்கத்துப் பெட்ரோல் பங்கில் கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. இது அதில் பாதி கூட இல்லை. எலும்பும் தோலும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். ஆனால் சோற்று நேரம் தவிர, கேட்டில் அவர் காலடியை விட்டு நகராது. அதனிடம் டிபன் பாக்ஸ் இல்லை, அதனால் அவருக்கு அதன் மேல் சந்தேகமும் இல்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கண்டு தள்ளாடியது. குடித்தவன் மாதிரி பின்னங்கால் பின்ன, சும்மா சும்மா ஒரே வட்டத்தில் சுற்றியது. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. பிறகு நூல் குடோன் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, சுவரைத் தள்ளிவிடப் போவது போல அழுத்திக்கொண்டே நின்றது. விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே கூத்து. அடுத்த புதன் மறுபடியும்.

யாரோ மருந்து வைக்கிறார்கள். வேறென்ன?

செங்கோடன் துப்புத் துலக்க ஆரம்பித்தார். கேட் ரூமில் தொங்கிய காலண்டரில் நாய் விழுந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டார். எல்லாம் புதன், எல்லாம் ஞாயிறு. புதனும் ஞாயிறும் மில் மெஸ்ஸில் கோழிக்கறி. கறி மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து, மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தட்டில் கண்டுவுக்கு வைப்பது பழனியாத்தாள். அந்த இடத்தில் கேமரா இல்லை. கேமரா இல்லாத இடமாகப் பார்த்து ஏன் வைக்க வேண்டும்? செங்கோடனுக்கு மூக்கு வியர்த்தது.

பழனியாத்தாள் பன்னிரண்டு வருஷமாக மெஸ்ஸில் சமைப்பவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். புருஷன் இல்லை, ஒரே மகள் அன்புச்செல்வியை வால்பாறையில் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப்பக்கக் காலனியில் தனியாக இருக்கிறாள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் செங்கோடன் வீட்டுக் காட்டில் களை வெட்டியவர்கள்தான். மில்லில் எல்லாருக்கும் அவள் பழனியக்கா. எதிர்ப்பட்ட ஆட்டுக்குட்டிக்குக் கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர் இது, செங்கோடனும் அப்படித்தான். அவளிடம் மட்டும், பன்னிரண்டு வருஷமும், “ஏ பழனியாத்தா, பையத் தொற.” அவளும் திறந்து காட்டிவிட்டுப் போவாள்.

காரணம் வேண்டுமே? அதையும் அவரே கண்டுபிடித்தார். மெஸ் கதவு பக்கம் யார் போனாலும் கண்டு குரைக்கும். நாய் குரைக்கக் கூடாது என்றால் உள்ளேயிருந்து ஏதோ வெளியே போகிறது. எண்ணெயாக இருக்கும், பருப்பாக இருக்கும். இதுவரை பிடிபடவில்லை என்பதே அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்பதற்கு அத்தாட்சி. சந்தேகப்படுகிறவனுக்கு இல்லாததும் சாட்சி சொல்லும், போங்கள்.

இனிமேல் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொன்னார். அவள் கை கழுவிக்கொண்டே, தானும் அதைத்தான் சொல்ல நினைத்ததாகச் சொன்னாள்.

“கறி தின்னா அதுக்கு ஒத்துக்கறதில்லீங்க. தயிர்ச்சோறு தின்ன நாள்ல நல்லா இருக்குது. கறி மட்டும் வெக்காதீங்க.”

கறி வைக்காதே என்கிறாள்! தன் மேல் சந்தேகம் வந்தவுடன் பழியைக் கோழி மேல் போடுகிறாள் என்று செங்கோடன் எண்ணிக்கொண்டார். கறி ஆகாத நாய் உலகத்தில் உண்டா? அன்றைக்கே சிக்கந்தர் பாய் கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்தார். சீக்காளிக்கு ஈரல் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பது நாச்சியம்மாள் பிரசவத்திலிருந்து அவருக்குத் தெரிந்த வைத்தியம். நாச்சியம்மாளிடம் கொடுத்து மிளகு போடாமல் வேக வைத்து, தினம் தன் கையாலேயே துண்டு துண்டாக ஊட்டினார். கண்டு அவர் விரலை நக்கி நக்கித் தின்றது.

வாரத்துக்கு இரண்டு நாள் விழுந்த நாய் இப்போது தினம் விழுந்தது.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார். செங்கோடன் வேறு மாதிரி யோசித்தார். தன் கையால் நல்ல தீனி போட்டும் விழுகிறதென்றால், அவள் தனக்குத் தெரியாமல் தினமும் வைக்கிறாள். சொன்ன பிறகும் வைக்கிறாளென்றால் அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்! ஒரு நாள் கண்டு திரும்பி வந்தபோது நெற்றி முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. கிடா வெட்டுக்கு முன்னால் ஆட்டின் மேல் மஞ்சத்தண்ணி தெளிப்பது அவருக்கு ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. மெஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார். உள்ளே அவள் போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். மில் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்டவரைக்கும் போதுமானதாக இருந்தது.

“நாய்க்கு மருந்து வெச்சுப்போட்டேன் அம்மணி. ரெண்டு நாள்ல அடங்கிரும்.”

அவர் நேராக அருள்குமார் ரூமுக்குப் போனார். தன் காதால் கேட்டதாகச் சொன்னார். அருள்குமார் வியாபார விஷயமாக வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தான். நாய் விஷயம் அவனுக்குப் பெரிதில்லை. ஆனால் நூற்றைம்பது பேருக்குச் சோறாக்குகிறவள் விஷம் வைத்திருக்கிறாள் என்பது பெரிது. செங்கோடண்ணன் சொல்லித் தப்பியதில்லை. நாளையிலிருந்து வர வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது கேட்டில் இருநூறு பேர் நிற்கிறார்கள். பழனியாத்தாளின் பையை வாங்கிக் கொட்டினார். டிபன் பாக்ஸ், துண்டு, ஒரு மஞ்சள் பொட்டலம், கறுப்பாக ஏதோ இருந்த ஒரு சின்னப் புட்டி. மூடியைத் திறந்தால் குமட்டுகிற கசப்பு நாற்றம். செங்கோடன் புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இதைத்தான் வாயில்லா ஜீவனுக்கு வைக்கிறாள், இவள் கையால்தான் நீங்களெல்லாம் தின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றார். கூட்டத்தில் ஒரு பெண் தன்னையறியாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

புண்ணுக்கு வைத்த மருந்து என்று பழனியாத்தாள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பிறகு அவள் அவரிடம் மட்டும் பேசினாள், சத்தம் போடவில்லை.

“சோறாக்கற கையுங்க இது. இந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னா எனக்கு வேற எங்கயும் அடுப்பு இல்லீங்க. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் யோசிக்கவில்லை. புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் போன மூன்றாம் நாள் கண்டு எழுந்திருக்கவே இல்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. முன்பே ஏறிய விஷம் இப்போது வேலை செய்கிறது என்று முடிவு கட்டினார் செங்கோடன். இது செத்துப்போவதற்கு முன்னால் ஒரு டாக்டர் கையால் எழுதி வாங்கிவிட வேண்டும், அப்போதுதான் போலீஸில் கொடுக்க முடியும் என்று தோன்றியது. நூல் கோன் வருகிற பிளாஸ்டிக் பெட்டியில் சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்து, மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கேன் வசதி உள்ள ஒரு நாய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பஞ்சு மாதிரி நாய்களை மடியில் வைத்திருந்தவர்கள் அவரையும் பெட்டியையும் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்கள். எதற்கு நகர்கிறார்கள் என்று அவர்களையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் கயல்விழிக்கு முப்பது வயசிருக்கும். செங்கோடன் நாயைக் காட்டுவதற்கு முன்னால் புட்டியை மேஜையில் வைத்தார். அவள் திறந்து முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள்.

“வேப்பெண்ணெயுங்க இது. நெத்தியில புண்ணு இருக்குதுல்ல, அதுக்கு மஞ்சளோட கலந்து வெச்சிருக்காங்க. நல்லாத்தான் ஆறிட்டு வருது.”

செங்கோடன் விடவில்லை. வேப்பெண்ணெய்க்குள் வேறு ஏதாவது கலந்திருக்கலாமில்லையா என்றார். அவள் நாய்க்கு ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, வேளாவேளைக்கு என்ன தீனி, தின்று எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று விசாரித்தாள். மத்தியானத்துக்கு மேல் ஸ்கேன் எடுத்தாள். வயிற்றில் முடியை மழித்துப் பசை தடவி, திரையில் சிவப்பும் நீலமும் ஓடுவதைக் காட்டினாள். விஷம் எந்த நிறம் என்று செங்கோடன் கேட்டார்.

விஷமே இல்லை என்றாள் டாக்டர். அவர் போட்டிருந்த காக்கிச்சட்டையைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பொறுமையாகச் சொன்னாள். குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ஒரு பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகும். தின்ற தீனியில் இருக்கிற கழிவையெல்லாம் ஈரல் நிறுத்தி, சோதித்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுத்தான் வெளியே விடும். உங்கள் மில் கேட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாய்க்குப் பிறவியிலேயே அந்தக் குழாயிலிருந்து ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஈரலுக்குள் எல்லாம் நெருக்கமான சந்து. ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். குறுக்கு வழி அகலம். பிரஷர் எங்கே குறைவோ அங்கேதானே ஓடும்? அதனால் பாதிக்கு மேல் ரத்தம் ஈரலைத் தொடாமலேயே தாண்டிப் போகிறது.

பிரஷர் என்றதும் செங்கோடன் நிமிர்ந்தார். தனக்கும் பிரஷர் உண்டு, மாத்திரை பையிலேயே இருக்கிறது, பாதி உடைத்துக் கொடுத்தால் ஆகுமா என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, ஆகாது, அது வேறு பிரஷர் என்றாள்.

குறுக்கு வழியில் அத்தனை ரத்தம் போனால் ஈரல் காய்ந்து போய்விடாதா என்று அவருக்கு ஒரு சந்தேகம். நல்ல சந்தேகம் என்றாள். ஈரலுக்கு இரண்டு பக்கமிருந்து ரத்தம் வரும். குடல் பக்கம் குறைந்தால், இதயத்துப் பக்கமிருந்து வருகிற குழாய் தானாக விரிந்து ஈடு கட்டும். அதனால்தான் ஈரல் சுருங்கியிருந்தாலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் குறுக்கே தப்பிப் போன ரத்தம் போனதுதான். அதை யாரும் சோதிப்பதில்லை. கறி தின்றால் வயிற்றில் அமோனியா உண்டாகும். அது ரத்தத்தோடு நேராக மூளைக்கு ஏறுகிறது. தள்ளாட்டம், எச்சில், சுவரில் தலையை முட்டுவது எல்லாம் அதனால். நாய் வளராததும் அதனால்.

“கோழிக்கறியே ஆகாதுங்க. ஈரல் அதை விட மோசம். யாரும் மருந்து வெக்கலீங்க. நீங்க ஊட்டுன ஈரல்தான் இதைப் படுக்க வெச்சிருக்குது. முன்னாடி மத்த நாள்ல தயிர்ச்சோறு போட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. அது இல்லீன்னா இன்னேரம் செத்திருக்கும்.”

டாக்டர் பொய் சொல்கிறாளோ என்று செங்கோடன் ஒரு கணம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரிக்கும் பழனியாத்தாளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று கூட மனசு போனது. போன வேகத்திலேயே அவருக்குத் தன் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. நக்கிய விரல்களைப் பார்த்தார். கழுவ வேண்டும் போலிருந்தது.

அந்தக் குறுக்கு வழியை இப்போதே அடைத்துவிட முடியாதா என்று கெஞ்சினார். ஒரேயடியாக அடைத்தால் இந்தச் சின்ன ஈரல் அத்தனை ரத்தத்தையும் தாங்காது, குடல் பக்கம் பிரஷர் ஏறி நாய் போய்விடும் என்றாள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிற வளையம் ஒன்று இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் போடுவார்கள், அதற்கு முன்னால் நாய் தேற வேண்டும். அதுவரை தயிர்ச்சோறு, ஒரு சிரப்பு, மாத்திரை. கறி என்ற பேச்சே கூடாது.

மறுநாள் அருள்குமார் ஊரிலிருந்து வந்ததும் செங்கோடன் போய் நின்றார். தப்பு தன்னுடையது, அந்தம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அருள்குமார் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரை மேலும் கீழும் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவர் பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் மேல் போட்டிருக்கிறார். தன் மேல் விழுந்து பார்த்ததில்லை.

“ஏனுங்க, அவங்க பக்கத்துல இருந்து யாராச்சும் வந்து மெரட்டுனாங்களா? இல்ல, வேற ஏதாச்சும் பேச்சு வார்த்தையா?”

ஸ்கேன் காகிதத்தைக் காட்டினார். அருள்குமார் வாங்கிப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் யாரையும் நல்லவர் என்று சொல்லாத மனுஷர் திடீரென்று ஒருத்திக்குச் சிபாரிசு செய்தால் என்ன அர்த்தம் என்றான். வேறு ஆள் பார்த்தாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்றான். ஒருத்தியைக் குற்றவாளி என்று சொன்னபோது ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. குற்றம் இல்லை என்று சொல்ல, டாக்டர் காகிதமே இருந்தும் போதவில்லை. செங்கோடன் அங்கே நின்றபடி வியர்த்தார்.

சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போனார். அவர் வீட்டிலிருந்து இரண்டு மைல் இல்லை. அறுபத்தொரு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் காலை வைத்ததில்லை. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருந்தது. நாய்க்கு மருந்து வைத்த பழனியாத்தாளா என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான். அவருக்குச் சுருக்கென்றது.

அவள் வாசலில் குவித்த பனியன்களுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து போட்டு, நூல் நுனிகளை வெட்டித் தரச் சொல்லி எடுத்துப் போவார்கள். கண் போகிற வேலை. அவரைக் கண்டதும் எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை. செங்கோடன் எல்லாவற்றையும் சொன்னார். ஈரல், குறுக்கு வழி, தயிர்ச்சோறு, எல்லாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு முன்பே சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றாள். சத்துணவுக் கூடத்தில் உதவியாளாகக் கேட்டதற்கு, குழந்தைகள் தின்கிற இடம், யோசிக்க வேண்டும் என்றார்களாம். குரலில் அழுகை இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“என்ற ஊட்டு வாசல்ல வந்து சொன்னா என்னங்க ஆகும்? எல்லாரும் பாக்கத்தான புட்டியத் தூக்கிக் காட்டுனீங்க. அங்கயே, அதே ரெண்டு மணிக்குச் சொல்லுங்க. வேலை குடுத்தாலும் செரி, குடுக்காட்டியும் செரி. பேரு வேணுமுங்க எனக்கு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மில்லில் அவருக்கு இருந்தது சம்பளத்தை விடப் பெரிய ஒன்று: செங்கோடண்ணன் சொன்னால் சரி. அதைத் தன் வாயாலேயே, இருநூறு பேர் முன்னால் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், வீட்டில் வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள் நாச்சியம்மாள். முதல் தரமாக அவள் பேச்சில் எரிச்சல் இல்லை.

மறுநாள் இரண்டு மணி. சங்கு ஊதிற்று. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்டில் கலந்தார்கள். சோதனைக்காகப் பைகளைத் திறந்துகொண்டு நின்றவர்களிடம், மூடிக்கொள்ளுங்கள், ஒன்று சொல்ல வேண்டும் என்றார். பெட்டியில் கிடந்த கண்டுவைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். தேறிவிட்டது, ஆனாலும் கால் நடுங்கியது.

“இந்த நாய்க்கு யாரும் மருந்து வெக்கலீங்க. ஆகாத ஈரலை நாந்தான் தினமும் ஊட்டி இதைச் சாகக் குடுத்தேன். பழனியாத்தாளுங்க… அவங்க… புண்ணுக்குத்தான் மருந்து வெச்சாங்க. அவங்க போட்ட சோத்துலதான் இது பொழைச்சிருக்குது. பொய் சொன்னது நானுங்க.”

‘அவங்க’ என்றபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பன்னிரண்டு வருஷமாக அவர் வாயில் கேட்காத சொல். பின்வரிசையில் யாரோ, வாட்ச்மேனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். தறிப்பக்கத்துப் பெண்கள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அப்படியானால் பழனியக்கா ஏன் இன்னும் வரவில்லை என்று அருள்குமார் ரூம் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். நாலு பேர் சேர்ந்து கேட்டார்கள். புது ஆள் வைக்கிற சாம்பாரின் லட்சணம் தெரிந்தவர்கள் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே போக வேண்டிய ஷிப்ட் உள்ளே போகாமல் நின்றது. ஓடாத தறி அருள்குமாருக்குப் புரிகிற பாஷை. கால் மணி நேரத்தில் இறங்கி வந்து, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள் என்றான். செங்கோடனைப் பார்த்து, நீங்கள் திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக்கு வேண்டாம், குடோனில் பொட்டலம் எண்ணுங்கள் என்றும் சொன்னான்.

திங்கட்கிழமை பழனியாத்தாள் வந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றிக்கொண்டு பேசினார்கள், அவளும் சிரித்துப் பேசினாள். பதினொரு மணிக்குக் கண்டு மெஸ்ஸுக்குப் பின்னால் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது. செங்கோடன் குடோனிலிருந்து பார்த்தார். பொறுக்காமல் மெஸ் வாசலுக்குப் போனார். பாவம், உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது, டாக்டர் சொன்னதும் தயிர்ச்சோறுதான், ஒரு கை பிசைந்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பழனியாத்தாள் உலைப்பானையின் மூடியைத் திறந்து, அரிசியைக் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நாயின் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்லீங்க. அது சீக்கு நாயி. நாளைக்கே இன்னொருக்கா படுத்துக்கிச்சுன்னா, நீங்க மொதல்ல என்னையத்தான் பாப்பீங்க.”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் செங்கோடன். நாய் விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு, தயிர் வாங்கக் கடைக்கு நடந்தார்.